பொழிமுகம், பாறை, குளம்: குமரிக் கரையில் தூண்டில் பழக வருகிறவருக்கு

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தாத்தா காலத்தில் முயல், கொக்கு என்று வேட்டைக்குப் போவார்களாம். எனக்கும் அப்படி ஒரு பொழுதுபோக்கு வேண்டும். வேட்டை முடியாதென்றால் தூண்டிலாவது பழகலாம் என்றிருக்கிறேன். ஆடி முடிந்ததும் தொடங்கலாமா? எந்தக் கம்பு வாங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் எதில் தவறுகிறார்கள்?"

வேட்டைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டை என்ற ஒன்று இன்று நம் நாட்டில் கிடையாது. முயலும் உடும்பும் கொக்கும் காடையும் எல்லாம் அதற்குள் அடக்கம். விளையில் இறங்கி மரச்சீனியை (மரவள்ளியை) தோண்டிப்போடும் காட்டுப்பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது, வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். ஏர்கன் வைத்துக் கொக்கு அடிப்பதை யாராவது விளையாட்டாகச் சொன்னால் அந்தக் கூட்டத்தோடு சேராதீர்கள். காத்திருப்பது, தடம் பார்ப்பது, காற்றும் நேரமும் கணிப்பது என்று வேட்டையில் மனதை இழுக்கிற எல்லாமே தூண்டிலில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. ஒரே காலையில் பாறை, பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்), குளம் மூன்றையும் தொட்டுவரக்கூடிய ஊர் இது.

எந்தக் கம்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கம்புக்கு முன்னால் மாதக் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் மீன் கிடைக்காமல் மனம் விடுவதற்குப் பெரும்பாலும் கம்பு காரணமில்லை. தப்பான மாதத்தில் தப்பான கரையில் நிற்பதுதான் காரணம்.

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை நம் கரை தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. கன்னியாகுமரி திரும்பியதும் சின்னமுட்டம், ஆரோக்கியபுரம் பக்கம் கிழக்கைப் பார்க்கிறது. விசைப்படகுத் தடைக்காலமும் இதனால்தான் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டாகப் பிரிகிறது: கிழக்குக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. இந்தத் தடை விசைப்படகுக்குத்தான். ஆனால் கரையில் நிற்பவரும் அதிலிருந்து ஒன்றைப் படிக்கலாம். மேற்குக் கரையில் ஜூன் தொடங்கி ஆவணி பாதிவரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் அடித்துக்கொண்டே கிடக்கும். தண்ணீர் கலங்கி மண் நிறமாக இருக்கும், பாறையில் நிற்கவே முடியாது. கிழக்குப் பக்கம் அலை குறைவுதானே என்று சின்னமுட்டம் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கையிலிருந்து நூலைப் பிடுங்கும். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. ஆகவே ஆடியில் கடலை விட்டுவிடுங்கள், அது குளத்துக்கும் வாய்க்காலுக்கும் உரிய காலம்.

ஆவணி கடைசியில் மேற்குக் கடல் தணியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கி ஆறுகள் பெருகும்போது பொழியை அடைத்திருக்கும் மணல்மேடு உடைத்துக்கொள்ளும். உள்ளே வளர்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும், அதைத் தின்னக் கொடுவாவும் செம்பல்லியும் முகத்துவாரத்தில் காத்துக் கிடக்கும். என் கணிப்பில் புதியவர் ஒருவர் நல்ல மீனைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான காலம் வருஷத்தில் இல்லை. மார்கழி முதல் மாசி வரை மேற்குக் கரையில் தண்ணீர் தெளிந்து கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாட்கள் நிறைய வரும். நெத்தோலியும் சாளையும் கரையோரம் ஒதுங்கும், விடியற்காலையில் பாறை மீனும் சீலாவும் அதன் பின்னால் வரும். அதே மாதங்களில் கிழக்குப் பக்கம் வாடைக்காற்று வீசுவதால் அங்கே நாள் பார்த்துத்தான் போக வேண்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கள்ளக்கடல் வருவது அப்போதுதான். காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் தூங்குவதுபோலத் தெரியும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து எழும்பும். நம் காற்றில் பிறந்த சாதாரண அலை சில விநாடிக்கு ஒன்று வந்து போகும். கள்ளக்கடல் அலைக்கு இடைவெளி 15 விநாடிக்கு மேல். இடைவெளி நீளமாக இருப்பதால் ஒவ்வொரு அலையும் சுமந்து வரும் தண்ணீர் அதிகம், பாறையில் ஏறும் உயரமும் அதிகம். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் கொண்டுபோனது இப்படி ஒரு எச்சரிக்கை நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. தூண்டிலுக்குக் கிளம்புமுன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று கடலோரமே வேண்டாம், குளத்துக்குப் போங்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாறைக்குப் போனதும் கம்பை விரிக்காதீர்கள். 20 முதல் 30 நிமிஷம் மேலே உட்கார்ந்து அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிஷம் சாதுவாக இருந்துவிட்டு நாலைந்து பெரிய அலை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். அந்தக் கூட்டம் நனைக்கும் உயரம்தான் உங்கள் எல்லைக்கோடு, அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். பாறையில் கறுத்தோ பச்சையாகவோ பாசி படிந்திருந்தால் அங்கே தண்ணீர் அடிக்கடி ஏறுகிறது என்று பொருள். முட்டத்துப் பாறைகளில் இந்த நிறமாற்றம் தெளிவாகவே தெரியும். ரப்பர் செருப்பு போட்டு ஏறாதீர்கள், அடியில் பிடிமானம் உள்ள கட்டுக்காலணி வேண்டும். மிதவைச் சட்டை போட வெட்கப்பட வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டி நூல் சிக்கெடுக்கக் கூடாது. துணைக்கு ஒருவராவது இருக்க வேண்டும், கூடவே மூடி இறுக்கிய 20 லிட்டர் வெற்றுக் கேனும் அதன் கைப்பிடியில் கட்டிய 20 மீட்டர் கயிறும். யாராவது விழுந்தால் பின்னால் குதிப்பவர் இரண்டாவது பிணமாகிறார். கேனைத்தான் வீச வேண்டும். விழுந்தவர் பாறையைப் பிடிக்க முயலாமல் அலை உடையும் இடத்தைவிட்டு வெளியே நகர்ந்து மிதப்பது நல்லது, பாறையோரம்தான் உடம்பைக் கிழிக்கும். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கருவி. முதல் வருஷம் ஒரே கம்பு போதும்: 8 அடி, 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடிய நடுத்தரக் கம்பு, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நூல் 150 மீட்டர், 30 அல்லது 40 பவுண்டு லீடர் நரம்பு (நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்பு) ஒரு சுருள். பொழிமுகம், துறைமுக ஓரம், அணைத் தண்ணீர், குளம் எல்லாவற்றுக்கும் இது ஈடு கொடுக்கும். பாறைக்கென 10 அடிக் கம்பும் 6000 ரீலும் 250 மீட்டர் நூலும் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். எடுத்தவுடன் அதை வாங்குகிறவர்கள் கை வலித்து ஒரு மாதத்தில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கம்பே வேண்டாம் என்றாலும் சரி. தங்கூஸ் நரம்பு, ஈயக்குண்டு, தூண்டில் முள் மூன்றோடு கைத்தூண்டில் போட்டுப் பழகுவது விரலுக்குக் கற்றுத்தரும் பாடத்தை எந்த ரீலும் தராது. மீன் முகர்கிறதா, கடிக்கிறதா, விழுங்கிவிட்டதா என்பதை விரல்தான் முதலில் அறியும்.

நூல் சுற்றுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. பிரெய்டு நூலை நேராக ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் உருளையில்) கட்டினால் அது உலோகத்தில் பிடிக்காமல் மொத்தமாகச் சுழலும். மீன் இழுக்கும்போது டிராக் (நூலை எவ்வளவு இறுக்கத்தில் விடுவது என்று வைக்கும் திருகு) கெட்டுப்போனதுபோலத் தோன்றும். அடியில் 10 மீட்டர் சாதாரண நரம்பு சுற்றி, அதோடு பிரெய்டை இணையுங்கள். சுற்றும்போது ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கையில் மேல்சுற்று கீழ்சுற்றுக்குள் புதைந்து அறுந்துபோகும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். நிறைத்துச் சுற்றினால் வீசும்போது கொத்தாக உதிர்ந்து கிளிக்கூடு கட்டிவிடும். காற்றுமுடிச்சு என்று எல்லோரும் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் காற்றினால் வருவதில்லை. வீசியபின் பெயிலை (ரீலில் நூலைப் பிடிக்கும் கம்பி வளையத்தை) கைப்பிடியைச் சுற்றி மூடுவதால் முதல் சுற்று தளர்ந்து விழுகிறது, அடுத்த வீச்சில் அது சுருக்கிட்டுக்கொள்கிறது. பெயிலைக் கையால் மூடி, நூலை ஒரு தடவை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பத்தில் ஒன்பது சிக்கு வராது.

முடிச்சு மூன்று தெரிந்தால் போதும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி: பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, தடித்த நரம்புப் பக்கம் 5 சுற்று. முள்ளை நரம்பில் கட்ட கிளிஞ்ச், 5 அல்லது 6 சுற்று. பிரெய்டில் நேராக எதையாவது கட்ட வேண்டி வந்தால் பாலோமர். கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் வழுக்கும், அதை நம்பாதீர்கள். எந்த முடிச்சையும் எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் வெந்து பாதி பலமாகிவிடும். அறுந்த நுனி சுருண்டு பன்றி வால்போல் இருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. தூளாக உரசியிருந்தால் பாறையில் அறுந்தது. நேராக வெட்டியதுபோலிருந்தால் பல் வேலை. இந்த நுனியைப் பார்க்காமல் புதிய முள் கட்டுகிறவர் அடுத்த மீனையும் அதே காரணத்தால் இழப்பார்.

டிராக் அளவு நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு. 20 பவுண்டு என்பது சுமார் 9 கிலோ, ஆகவே 2 கிலோ சொச்சம். தராசு வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறைத்து, ரீலிலிருந்து நேராக வரும் நூலில் தொங்கவிடுங்கள். அது தயங்கித் தயங்கி இறங்கும்படி திருகை வைத்தால் சரி. வீட்டிலேயே இதைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள், மீன் மாட்டியபின் திருகைத் தொட்டால் பெரும்பாலும் தப்பான பக்கம்தான் திருப்புவோம்.

பொழிமுகத்துக்கு வருவோம், விஷயம் நிறைய உள்ள இடம் இது. தாமிரபரணி, அதாவது நம் குழித்துறையாறு, தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. வள்ளியாறு கடியப்பட்டணத்தில், பழையாறு மணக்குடியில். நம் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் குறுகிய வாயில் அந்த அளவே ஆறாக ஓடும். ஏற்றமும் வற்றமும் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடும். வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம், காயலிலிருந்து இறாலையும் குஞ்சுகளையும் தண்ணீர் வெளியே தள்ளும் வேளை அது. தண்ணீர் அசையாமல் நின்றால் கம்பைச் சாய்த்துவைத்துச் சாயா குடிக்கலாம்.

கொடுவா ஓட்டத்துக்கு நடுவில் நிற்காது. ஓட்டமும் தேக்கமும் உரசும் கோட்டில், பாலத்தூணின் பின்புறம், கல்லுக்கு அடுத்த சுழலில் நிற்கும். ராத்திரியில் பாலத்து விளக்கு தண்ணீரில் விழும் இடத்தில் வெளிச்சத்துக்குள் நிற்காமல் நிழலின் விளிம்பில் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருக்கும். ஆகவே ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்று மேற்புறமாக வீசி, தூண்டிலை ஓட்டமே அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். 10 செ.மீ. மின்னோ (சிறுமீன் வடிவப் போலி இரை) ஒன்று, 14 கிராம் ஜிக் தலையில் (ஈயத்தலை வைத்த முள்ளில்) 4 அங்குல ரப்பர் மீன் ஒன்று, இவை இரண்டும் முதல் வருஷத்துக்குத் தாராளம். ரப்பர் மீனைத் தரை தொடவிட்டு, இரண்டு சுற்று சுற்றி, மறுபடி விழவிட வேண்டும். விழும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும். நூல் தளர்ந்திருந்தால் அந்த அடியே தெரியாது, அதனால் விழும்போதும் நூல் லேசாக இறுகியே இருக்கட்டும்.

உயிர் இறால் கிடைத்தால் அதற்கு இணை எதுவுமில்லை. 20 முதல் 30 கிராம் ஓட்டை ஈயத்தை நூலில் ஓடவிட்டு, ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதன்பின் ஒன்றரை அடி லீடர், 1/0 அளவு வட்ட முள். தலைக்கொம்புக்குக் கீழே கறுப்பாகத் தெரியும் பொட்டைத் தொடாமல் அதற்கு முன்னால் குத்துங்கள், அந்தப் பொட்டில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். வட்ட முள்ளில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. ரீலை நிதானமாகச் சுற்றினால் முள் தானாக உதட்டோரம் போய் மாட்டிக்கொள்ளும். வெட்டி இழுத்துப் பழகியவர்களுக்கு இதை விடுவதுதான் கஷ்டம். செம்பல்லி வேறு ரகம். அடித்த இரண்டு விநாடிக்குள் கல்லிடுக்குக்குத் திரும்பிவிடும், அங்கே மட்டும் டிராக்கைக் கூடுதலாக இறுக்கி முதல் ஓட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும்.

பொழியில் இறங்கி நிற்காதீர்கள். வற்றத்தில் வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் அது, மணல்மேடு தினமும் இடம் மாறும். தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல்மேட்டில் வள்ளம் கவிழ்ந்து, கடலையே பிழைப்பாகக் கொண்டவர்களே உயிர்விட்டிருக்கிறார்கள். மணக்குடிக் காயலும் சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் பறவைகளுக்கான பாதுகாப்பு இடங்கள். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. வனத்துறையிடம் கேட்காமல் அங்கே நூல் போடக் கூடாது. கோதையாற்றின் மேல்பகுதி சரணாலயம், அங்கே கம்போடு போகும் எண்ணமே வேண்டாம்.

அலைத்தடுப்புக்காக நம் ஊர்களில் போட்டிருக்கும் கற்சுவருக்குத் தூண்டில் வளைவு என்றே பெயர். முள்போல வளைந்திருப்பதால் வந்த பெயர், ஆனால் தூண்டிற்காரனுக்கும் அது பொருத்தம்தான். கல்லிடுக்கில் நண்டும் சிறுமீனும் சேரும், அதைத் தேடிக் கலவாவும் பாறை மீனும் வரும். வளைவின் உள்முனையில் தண்ணீர் சுழன்று தேங்கும் இடத்தைக் குறிவையுங்கள். கற்களிலும் கான்கிரீட் நாற்கால் கட்டைகளிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு போன்றது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஓரடியை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்புத் தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முள் கல்லில் மாட்டினால் கம்பால் இழுத்து உடைக்காதீர்கள். நூலை ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி நேராக இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்டு எலும்பு தெரிய அறுக்கும். போன தூண்டிலை எடுக்கக் கல்லிடுக்கில் இறங்குவது கூடவே கூடாது.

பாறைமேல் நின்று பெரிய மீனைத் தூக்குவதிலும் பலர் தடுமாறுகிறார்கள். நூலைப் பிடித்துத் தூக்கினால் மீனின் முழு எடையும் முடிச்சில் இறங்கும். நுரையடியில் மீனைக் களைக்கவிட்டு, அடுத்த அலை எழும்பும்போது அதோடு சேர்த்து மேலே ஏற்றுங்கள், அலை இறங்கும்போது மீன் பாறையில் தங்கிவிடும். நீளக் கைப்பிடி வலை இருந்தால் இன்னும் நல்லது. அதற்காக ஒரு படி கீழே இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள், நூல் அறுந்து மீன் போனால் போகட்டும்.

மணல் கரையில் சொத்தவிளை, சங்குத்துறை போன்ற இடங்களில் அலை உடையாமல் கறுத்துத் தெரியும் பட்டை ஒன்று இருக்கும். அங்கே பள்ளம், மீன் நடமாடுவது அதில்தான். கரையில் மோதிய தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வழியும் அதுதான், குளிக்க இறங்குகிறவர்களை இழுத்துப்போவதும் அதே ஓட்டம். உலர்ந்த மணலில் நின்று அதன் ஓரத்தில் ஈயத்தைப் போடுங்கள்.

குளத்துக் கணக்கு வேறு. வழக்கமாக ஜூன் 1-இல் பேச்சிப்பாறைத் தண்ணீர் திறந்து கன்னிப்பூ நெல் சாகுபடி தொடங்கும்போது வாய்க்காலிலும் ஏலாவை (வயல்வெளியை) ஒட்டிய குளங்களிலும் புதுத்தண்ணீர் ஏறும். மடைவாயில் மீன் கூடும். பெரும்பாலான குளங்கள் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை, குத்தகைக்காரரிடம் கேட்காமல் நூல் போடுவது திருட்டு. சிலேபிக்கு 8-ஆம் எண் முள், மண்புழு அல்லது வேகவைத்த மரச்சீனித் துண்டு. ரோகு, கட்லாவுக்குக் கடலைப்பிண்ணாக்கும் தவிடும் சமமாகச் சேர்த்து, தேவைக்குக் கொஞ்சம் மைதா போட்டுப் பிசைந்த உருண்டை. உருண்டை தண்ணீரில் 10 நிமிஷத்தில் கரையத் தொடங்க வேண்டும். கல்லாகக் கிடந்தால் மீன் சேராது, உடனே கரைந்தால் முள் வெறுமையாக நிற்கும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விராலுக்கு ரப்பர் தவளை. தாமரை இலைமேல் இழுத்து, இலை விளிம்பில் இறக்கி, ஒரு நொடி நிறுத்துங்கள். தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கே பதறி இழுக்கிறவர்கள் கையில் வெறும் தவளை திரும்பி வரும். விரால் முதலில் அடிக்கும், பிறகுதான் வாய்க்குள் இழுக்கும். நூல் கனத்து நகர்வது தெரிந்தபின் வெட்டி இழுங்கள். பாசிக்குள்ளிருந்து இழுக்க இங்கே 30 பவுண்டு நூல் தேவைப்படும். மழைக்காலத்தில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்பட்டை நிறக் குஞ்சுக்கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும், ஆனால் அதை எடுத்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். தயவுசெய்து வேறு பக்கம் வீசுங்கள். இதற்கு நேர்மாறாக, ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தொட்டி சுத்தம் செய்யும் மீனும் மாட்டினால் திரும்ப விடாதீர்கள். அவை நம் குளத்து மீன்களை அழிக்க வந்தவை.

இரண்டு ஆபத்துகள் குளத்தில் அதிகம். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும், வயல்வரப்பிலும் குளக்கரையிலும் தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே அதை உயர்த்தி நடக்கக் கூடாது. ஐப்பசி மாலைகளில் இடி வேறு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ண முடியவில்லையென்றால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்தபின் வரலாம்.

பிடித்த மீனைக் கையாள்வது. கொடுவாவின் செவுள்மூடி சவரக்கத்தி, விரல் நுழைக்காதீர்கள். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கமும் இருக்கும் முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை முக்கி வையுங்கள், வலி குறையும். பிறகு மருத்துவமனை. சூடு சரியா என்பதைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் வெந்துபோவது தெரியாது. பேத்தை (வயிறு ஊதும் மீன்) மாட்டினால் சமைக்கவே கூடாது, அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. சாப்பிட எடுக்கும் மீனைத் தலையில் ஓரடி கொடுத்து, செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸில் வையுங்கள். அயிலை, சூரை இனங்களை வெயிலில் போட்டுவைத்தால் உடம்பு தடிக்கும் ஒவ்வாமை நஞ்சு உண்டாகும், அதுவும் சமையலில் அழியாது.

திரும்ப விடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பெரிதானபின் பெண்ணாக மாறும், ஆகவே பெரிய கொடுவா என்றால் முட்டைக்காரி. கலவா இதற்கு மறுதலை, முதலில் பெண், பிறகு ஆண். இரண்டிலும் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் விட்டு, நடுத்தரத்தில் வீட்டுக்குத் தேவையானதை எடுப்பது என் பழக்கம். ராட்சதக் கலவா, கடல்குதிரை, திமிங்கிலச் சுறா, வேளா (ரம்பம்போன்ற மூக்குள்ள மீன்) ஆகியவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக உதறிப் போகும்வரை தாங்கிக்கொண்டிருங்கள்.

கரையோர ஊர்களில் நாம் விருந்தாளிகள். கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும் இடத்தில் வீசாதீர்கள். வள்ளம் வரும் பாதையில் நூல் கிடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஊர்களில் கடலுக்குப் போகமாட்டார்கள், அன்று கரையில் நிற்கலாமா என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். கேட்டால் அண்ணாச்சிமார் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) நீவாடும் (கடல் நீரோட்டம்) எங்கே என்று அவர்களாகவே சொல்லித் தருவார்கள், எந்த செயலியிலும் இல்லாத விஷயம் அது. பிடித்த மீனைக் கரையில் விற்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. அறுந்த நரம்பை ஒரு பாட்டிலில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நம் கரைக்கு முட்டையிட வரும் ஆமையின் கழுத்திலும் காயல் பறவையின் காலிலும் சுற்றுவது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தாரையில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினாலும் வாளியில் முக்கினாலும் உப்பு உள்ளே போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நூல் ஓடும் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முள்களைக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் ஒன்றின் துரு எல்லாவற்றுக்கும் பரவும்.

ஆவணி முழுக்கக் குளத்தில் சிலேபி பிடித்துக் கையைப் பழக்குங்கள். புரட்டாசியில் கம்பில்லாமல் நாலைந்து நாள் தேங்காப்பட்டணத்துப் பாலத்தில் நின்று ஏற்றமும் வற்றமும் எப்போது திரும்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மின்னோவும் உயிர் இறாலும் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு போதும்.